கோமளாவின் வலி என்னிடம் இருந்தது

எங்கள் ஊர் ரேஸ் கோர்ஸில் குதிரைக்கு வலி ஊசி போட்டால் வலி போகாது, ஆள் மாறும். ஊசி ஏறுகிற நேரத்தில் குதிரையை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்களிடம் வந்துவிடும். கோமளாவின் வலது முன்னங்கால் வலி அந்த சீசன் முழுவதும் என்னிடம் இருந்தது.

முன்னங்கால் வலி என்றால் கையில்தானே வர வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அப்படி வராது. குதிரை எதை ஊன்றி நடக்கிறதோ அங்கே வலி, நாம் எதை ஊன்றி நடக்கிறோமோ அங்கே வலி. எனக்கு முழங்காலுக்குக் கீழே, ஆடுசதைக்கு முன்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் பெயர் தங்கபுஷ்பம். ஜாக்கிகளுக்குச் சட்டை தைக்கிறேன். குதிரைக்குச் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், ஒரு கோடு, ஒரு புள்ளி உண்டு. கோடு அரை விரல் தள்ளிப் போனாலும் கடை வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், மெஷினுக்கும் மோட்டார் வைத்தாகிவிட்டது. கால் வலியை உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களிடம் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். வாய்ப்புண் என்றால் அதிகம் பேசாதவர்களாகப் பார்த்துக் கொடுப்பார்கள். என்னிடம் அதைக் கொடுக்க இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

ட்ரெய்னர் யார் என்று எங்கள் ஊரில் விசாரிக்கவே வேண்டாம். ஊசி போடுகிற இடத்தில் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு தள்ளி நிற்கிறவர்தான் ட்ரெய்னர். எங்கள் ட்ரெய்னர் இருதயராஜ் சார் பாக்கெட் கிழியும் அளவுக்குக் கையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார். கிழிந்ததை நான்தான் தைத்துக் கொடுப்பேன். இளம் வயதில் இதே லாயத்தில் குதிரை பிடிக்கிற ஆளாக இருந்து மேலே வந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோமளாவுக்குக் காரட் வாங்கி வந்தால் தான் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். ஆனால் மலைக் கோப்பை என்று ஒன்று இருக்கிறது, அதை அவர் ஜெயித்ததே இல்லை. அந்த ஒரு விஷயம் என்று வந்துவிட்டால் மனுஷனுக்குக் காது கேட்காது.

கோமளா அவருடைய லாயத்துப் பெண் குதிரை. ரேஸ் புத்தகத்தில் அவள் பெயர் கமாண்டர்ஸ் டாட்டர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

எனக்கும் அவளுக்கும் என்ன என்றால், சொல்கிறேன். போன சீசனில் எனக்குக் கிட்னியில் கல். குதிரைக் கம்பளிக்கு அளவெடுக்க லாயத்துக்குப் போன இடத்தில் வலி பிடித்துக்கொண்டது. பிள்ளை பெற்ற வலியெல்லாம் அதன் முன்னால் கால் தூசு. விழாமல் இருக்க வேறு எதுவும் அகப்படவில்லை, கோமளாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். குதிரை டாக்டர் ஹபீபா ஓடி வந்து, கைவசம் இருந்த மருந்தை என் எடைக்குத் தகுந்தபடி குறைத்துப் போட்டுவிட்டார். எனக்கு வலி நின்றது. கோமளா நடுங்க ஆரம்பித்தாள்.

கல் என்னிடம், வலி அவளிடம். முறைப்படி நான் அதைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும். வாங்கத்தான் போனேன். டாக்டரம்மா ஊசியோடு நிற்க, நான் கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினால், கோமளா தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். கொள்ளு தின்னவில்லை, சுவரில் சாய்ந்து சாய்ந்து நின்றாள், ஆனால் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு காலையில் நான் பாத்ரூம் போய்விட்டுப் பார்த்தால் கல் விழுந்து கிடக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த நேரத்தில் லாயத்தில் கோமளா கூரை அதிரக் கனைத்தாளாம். கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். என்னைப் பெற்றவள் இதைச் செய்திருந்தால் அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பாள். கோமளா ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவளுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லி விளங்கவைக்க முடியாது.

அதனால் இந்த சீசனில் கோமளாவுக்குக் கால் வலி என்று காதில் விழுந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னால் நானே போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

ரேஸ் நாளன்று அவரவரிடம் இருக்கிற வலியை அந்தந்தக் குதிரையிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். வலியோடு ஓட முடிந்தால் ஓடட்டும், முடியாவிட்டால் நிற்கட்டும் என்று கணக்கு. ஆனால் கோப்பை என்று வந்தால் யார் திருப்பிக் கொடுக்கிறார்கள்? குதிரையை நடக்கவிட்டுச் சோதிப்பதில் பிரயோஜனம் இல்லை, வலி இல்லாத குதிரை அழகாகத்தான் நடக்கும். ஆகவே ரேஸ் கமிட்டிக்காரர்கள் லாயத்து ஆட்களை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். யாராவது நொண்டினால் அவர் லாயத்துக் குதிரைக்கு அன்று ஓட்டம் இல்லை. இதற்காகவே நொண்டுகிறவர்களை லாயத்துக்காரர்கள் டிக்கெட் எடுத்து மேட்னி ஷோவுக்கு அனுப்பிவிடுவார்கள். சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் தியேட்டரிலிருந்து வெளியே வருகிற கூட்டத்தில் பாதி நொண்டும்.

இதில் ஊருக்குள் இரண்டு சங்கம். மேல் ரோட்டுச் சங்கத்தார் குதிரைக்கு வலியே கூடாது, மனுஷர்கள் வாங்கிக்கொள்வதுதான் தர்மம் என்பார்கள். கீழ் ரோட்டுச் சங்கத்தார் குதிரையின் வலி குதிரைக்கே, அதைப் பிடுங்க நாம் யார் என்பார்கள். இரண்டு பேரும் என்னைக் கூட்டிப்போய் மேடையில் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். நான் இரண்டு மேடையிலும் கோமளா என் கல்லை வாங்கிக்கொண்ட கதையைத்தான் சொன்னேன். இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். மேல் ரோட்டில் கேசரி நன்றாக இருந்தது.

கோப்பை வாரத்தில் வலி மாறியது. அதுவரைக்கும் அது ஒரு மந்தமான வலி, கூடவே குடியிருக்கிற வலி. வியாழக்கிழமை காலை கோமளா மைதானத்தில் பயிற்சி ஓடிக்கொண்டிருந்தாள், நான் கடையில் ஒரு பச்சைச் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய அந்தக் காலுக்கு நான் பொறுப்பு என்பதால் புதிதாக வருவதும் எனக்குத்தான் வரும். எலும்புக்குள் நீளவாக்கில் சுள்ளென்று ஒன்று ஓடியது. கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்துவிட்டது. சட்டைக் கையும் கோணலாகிப் போனது.

டாக்டர் ஹபீபா என் காலை மடியில் தூக்கி வைத்து, கட்டை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நான் அவர் தோளைப் பிறாண்டிவிட்டேன்.

"எலும்புல கீறல் விட்டிருக்கு புஷ்பம். முடி மாதிரி மெல்லிசா. இதோட ஓடினான்னா முறிஞ்சிரும்" என்றார்.

ஓடுகிற குதிரைக்குக் கால் முறிந்தால் அப்புறம் என்ன என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு பச்சைத் திரையை இழுத்து மறைப்பார்கள். திரையை எடுக்கும்போது குதிரை உயிரோடு இருக்காது. அந்தத் திரையைத் தைத்ததும் நான்தான். தைக்கும்போது அதன் பின்னால் இப்படி ஒரு நாள் கோமளாவை நினைத்துப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

இருதயராஜ் சாரிடம் இரண்டு பேருமாகப் போனோம். அவர் கோமளாவை முற்றத்தில் நடக்கவிட்டுக் காட்டினார்.

"எப்படி ஜம்முனு நடக்குது பாருங்க" என்றார்.

ஜம்மென்றுதான் நடந்தாள். வலி என்னிடம் இருக்கும்போது அவள் வேறு எப்படி நடப்பாள்?

"சார், புஷ்பத்தோட காலை அழுத்திப் பார்த்தேன்" என்றார் டாக்டர்.

"மனுஷங்க எப்பவும் கூட்டித்தான் சொல்வாங்க டாக்டர். குதிரைக்கு இதெல்லாம் ஒரு வலியா?"

"அப்படின்னா அவகிட்டயே திருப்பிக் கொடுத்துப் பார்த்துரலாமே."

"கோப்பை முடியட்டும்."

காது கேட்காத விஷயம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. வலி என்னிடம் இருந்தாலும் அது யாரிடம் இருக்க வேண்டும் என்று சொல்கிற உரிமை ட்ரெய்னருக்குத்தான். டாக்டரும் அதை மீற முடியாது. சரி, ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முன்னால் நன்றாக நொண்டிக் காட்டிவிடுகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வருஷம் சினிமாத் தந்திரம் கமிட்டிக்குத் தெரிந்துபோய், லாயத்து ஆள் என்று பாஸ் வைத்திருக்கிற அத்தனை பேரும் வந்து நடந்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பாஸ் உண்டு.

அவரும் அதை யோசித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை லாயத்துக்குப் போனால் அங்கே கேன்டீன் ரெங்கராஜு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். கேன்டீன்காரர்களுக்குப் பாஸ் கிடையாது. பாவம், பஜ்ஜி மாவு கையோடு வந்திருந்தார்.

"புஷ்பம், உங்களுக்கு ஒரு ஊசி. ரெங்கராஜு உங்க கையைப் பிடிச்சுக்குவார். வலி அவர்கிட்ட போயிரும். நீங்க கமிட்டி முன்னால நேரா நடந்துட்டு வந்துருங்க" என்றார் இருதயராஜ் சார்.

"கோமளா கால் முறிஞ்சிரும் சார்."

"ஒண்ணும் ஆகாது."

"சார், அவ செத்துருவா."

அவர் பாக்கெட்டில் கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, இனிமேல் அந்தப் பாக்கெட்டைத் தைத்துக் கொடுப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

டாக்டர் ஹபீபா பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார். குதிரைக்குப் போடுகிற நீள ஊசி. எனக்கு ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்க வாய் எடுத்தேன், அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குதிரை வலியை எத்தனை நாள் வேண்டுமானாலும் சுமப்பேன், ஊசி என்றால் எனக்கு ஆகாது. முனை தோலில் பட்டதும் துள்ளிவிட்டேன். ரெங்கராஜு இடது கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் மாவுக் கை, வழுக்கியது.

ஊசி போடும்போது துள்ளினால் பக்கத்தில் நிற்கிறவன் எட்டிப் பிடிக்க வேண்டும். லாயத்தில் குதிரை பிடிக்கிறவனுக்கு முதல் நாளே சொல்லித்தருவது அது. இருதயராஜ் சார் அந்தப் பழக்கத்தை விட்டுப் பல வருஷம் ஆயிற்று, அவர் கைக்குத்தான் அது தெரியவில்லை. பாக்கெட்டிலிருந்து தானாக வெளியே வந்து என் வலது மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. "ஓ... ஓ... ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று குதிரையிடம் பேசுகிற குரலில் வேறு சொன்னார்.

வலி எப்போதும் பிடி கெட்டியாக இருக்கிற பக்கம்தான் போகும்.

அவர் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார். வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி இருந்தார். ரெங்கராஜு, எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் துள்ளுவேன் என்று தெரிந்துதான் டாக்டரம்மா அந்த நீள ஊசியை எடுத்தாரா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்காமலே அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

"இதோடவா ஓடினா?" என்றார் இருதயராஜ் சார்.

"ஆமா சார். வியாழக்கிழமை."

"இதை வெச்சுக்கிட்டா நீங்க சட்டை தெச்சீங்க?"

"ஒரு கை கோணலாப் போச்சு சார்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை. பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தார். ட்ரெய்னர்கள் கமிட்டி முன்னால் நடக்க வேண்டியதில்லை, அவர்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் போதும். ஆனாலும் அவர் போய் நடக்கிறவர்கள் வரிசையில் நின்றார்.

கமிட்டிக்காரர்கள் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் கம்பளிக் குல்லா போட்டிருந்தார். எங்கள் லாயத்து ஆட்கள் ஒவ்வொருவராக நடந்தோம். நான் நேராக நடந்தேன், அத்தனை நாளைக்குப் பிறகு கால் லேசாக இருந்தது, அது எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் இருதயராஜ் சார் நடந்தார். ஒரு அடி வைத்து, நின்று, காலை இழுத்து, மறுபடி ஒரு அடி. மறைக்கப் பார்க்கவே இல்லை. மைதானம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ட்ரெய்னர் நொண்டுவதை எங்கள் ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவர் குடையருகே போய்ச் சேர்வதற்குள், கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு கார்க் கதவு திறந்தது. அடுத்த லாயத்து ட்ரெய்னரின் மச்சினன் இறங்கி நொண்டிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பாஸ் கிடையாது, யாரும் கூப்பிடவும் இல்லை. பின்னாலேயே வேறொரு காரிலிருந்து இன்னொரு ட்ரெய்னரின் மாமியார் இறங்கினார். ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னாலிருந்து ஒருவர், பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒருவர். கொஞ்ச நேரத்தில் புல்வெளி முழுக்க நொண்டுகிறவர்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து கமிட்டி முன்னால் நின்றார்கள். மச்சினனுக்கு இடுப்பு, மாமியாருக்கு இரண்டு முழங்காலும்.

தலைவர் குல்லாவைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"மிச்சம் எத்தனை குதிரை இருக்கு?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றார்கள்.

"ரேஸை நிறுத்த முடியாது. ஜனங்க பஸ் பிடிச்சு வந்திருக்காங்க. குதிரை இல்லாம நடத்துங்க" என்றார்.

ஜாக்கிகள் சேணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டம் தொடங்குகிற இடத்துக்கு நடந்து போனார்கள். கோமளாவுக்கு ஜாக்கியாக இருந்த யூனுஸ், போகும்போது என்னிடம் வந்து காலர் பட்டனைச் சரி செய்துகொண்டு போனான்.

நாங்கள் லாயத்துக்குத் திரும்பினோம். கோமளா வாசலுக்கு மேலே தலையை நீட்டி, இந்தக் கால் மாற்றி அந்தக் கால் ஊன்றி ஆடிக்கொண்டிருந்தாள். வெளியே கூட்டத்தின் சத்தம் கேட்டால் அவளால் சும்மா நிற்க முடியாது.

"வலி என்கிட்டயே இருக்கட்டும் டாக்டர். நான் அவளுக்கு வேற என்னத்தைச் செஞ்சேன்?" என்றார் இருதயராஜ் சார்.

"உங்ககிட்ட இருந்தா அவ இப்படித்தான் குதிச்சுக்கிட்டே இருப்பா. உள்ளயே முறிச்சுக்குவா. அவகிட்ட இருந்தாத்தான் அந்தக் காலை ஊன்ற மாட்டா, எலும்பு கூடும்" என்றார் டாக்டர்.

அது சரிதான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது, ஆனால் மனம் ஒப்பவில்லை. எனக்காக அவ்வளவு சுமந்தவளிடம் போய், இந்தா, இதையும் வைத்துக்கொள் என்று எப்படிக் கொடுப்பது? ஆனாலும் அதை வேறு யாரும் கொடுக்க நான் விடவில்லை. அவளிடமிருந்து வாங்கியவள் நான், கொடுக்க வேண்டியவளும் நான்தான். இருதயராஜ் சாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் அவருக்கு ஊசி போட்டார், வலி என்னிடம் வந்தது. பழகிய வலிதான், ஒரு வழியாக வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி இருந்தது. அவர் என் கையை விடவில்லை.

"உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றது புஷ்பம்?" என்றார்.

"பேன்ட்டைக் கொடுத்தனுப்புங்க சார், பாக்கெட்டைத் தெச்சுடறேன்" என்றேன். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பிறகு கோமளாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். மைதானத்தில் ரேஸ் தொடங்குகிற மணி அடித்தது.

"கோமளா, இது உன்னுதும்மா. நானே வெச்சுக்குவேன், ஆனா வெச்சுக்கிட்டா நீ இருக்க மாட்ட. கோவிச்சுக்காத. நீ எனக்குச் செஞ்சதுக்கு நான் ஏழு ஜென்மத்துக்கும் நன்றியோட இருப்பேன். நீ இருந்தாப் போதும் எனக்கு" என்று அவள் காதில் சொன்னேன்.

அவள் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. தாடையை என் தோளில் வைத்தாள். டாக்டர் எனக்கு ஊசி போட்டார். என் காலிலிருந்து வலி இறங்கிப் போனது, கோமளாவின் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. அவள் கத்தவில்லை. வலது காலை மெல்லத் தூக்கி, நுனி மட்டும் தரையில் படும்படி வைத்துக்கொண்டாள். ஆட்டம் நின்றுவிட்டது. டாக்டர் குனிந்து கட்டுப் போட ஆரம்பித்தார். அப்படி அசையாமல் நிற்கிற கோமளாவை அந்த சீசனில் அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கர்த்தரே உமக்கு நன்றி, டாக்டரம்மா உங்களுக்கு நன்றி, ரெங்கராஜு, உங்கள் மாவுக் கைக்கும் நன்றி என்று வாய்விட்டே சொன்னேன்.

வெளியே கூட்டம் கத்துவது கேட்டது. முதலில் தூரத்து வளைவில், பிறகு கிட்டத்தில், பிறகு லாயத்துக் கூரைத் தகரம் அதிர. ஒலிபெருக்கிக்காரர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். இருதயராஜ் சார் தலையைக் குனிந்து கட்டுத் துணியின் நுனியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மலைக் கோப்பையைக் கமாண்டர்ஸ் டாட்டர், அதாவது இங்கே நிற்கிற கோமளா, ஒன்றரைக் குதிரை நீளம் முந்தி ஜெயித்துவிட்டதாக அறிவித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் யூனுஸ் சேணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். குல்லாவிலிருந்து பூட்ஸ் வரைக்கும் சேறு. மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கியது.

"கடைசி வளைவுல நான் தட்டவே இல்லைக்கா. கயித்தை விட்டுட்டுச் சும்மா உக்காந்திருந்தேன். தானாப் போனா" என்றான்.

"மெதுவாப் பேசு" என்றேன். கோமளா நின்றபடியே கண்ணயர்ந்திருந்தாள். கழுத்தும் விலாவும் நனைந்து நுரை தள்ளியிருந்தது. டாக்டர் ஒரு சாக்குத் துணியால் அதைத் துடைத்துவிட்டார், இருதயராஜ் சார் கம்பளியை எடுத்துப் போர்த்தினார். நான் யூனுஸைச் சட்டையைக் கழற்றித் தரச் சொன்னேன். சேறு காய்ந்துவிட்டால் பிறகு போகாது.